தெம்பனிஸில் தக்காளி இலையின் மணம்

தக்காளிச் செடியின் மணம் அதன் சுனைகளில் இருக்கிறது. இலை, தண்டு, பூக்காம்பு, பழத்தின் தலையில் நட்சத்திரம்போல் விரியும் புல்லி ஆகிய எல்லாவற்றின் மேலும் நுண்ணிய மயிர்களாக இச்சுனைகள் அடர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒரு வகை, குட்டையான காம்பின்மேல் நான்கு அறைகள் கொண்ட சிறு தலையோடு நிற்கும். அந்தத் தலைக்குள் எண்ணெய் சேர்ந்திருக்கும். விரல் பட்டால் தலை உடைந்து எண்ணெய் கசியும். ஒரு கொழுந்தைக் கிள்ளினால் விரல்நுனி மஞ்சள் கலந்த பச்சையாகும். பத்துச் செடிகளுக்குப் பக்கக்கிளை ஒடித்துவிட்டால் அதே விரல் கறுத்துப் பிசுபிசுக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் நுரை மஞ்சளாக ஓடும். எலுமிச்சைத் துண்டைத் தேய்த்தால் கறை போய்விடும்; மணம் இன்னும் கொஞ்ச நேரம் கையில் தங்கும்.

மல்லிகையின் வாசம் தானாகக் காற்றில் பரவி எதிர்வீட்டுக்கும் போகும். தக்காளி இலைக்கு அந்த இயல்பு குறைவு. தொட்டால்தான் அது முழுதாக மணக்கும். பழத்தைப் பறித்துப் பெட்டியில் அடுக்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அனுப்பலாம். இலையின் மணம் செடி வளரும் இடத்தைவிட்டுப் போகாது. ஆகவே ஓர் ஊரில் இந்த மணத்தை அறிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றால், அங்கே வீட்டுக்கு அருகே, கைக்கெட்டும் தூரத்தில், செடி வளர்ந்திருக்கிறது என்று பொருள். சிங்கப்பூரின் கிழக்கிலுள்ள தெம்பனிஸ், கம்பம் என்னும் கிராமக் குடியிருப்பிலிருந்து அடுக்குமாடி நகரமாக மாறிய காலத்தில் மண்ணிலிருந்து விலகிப்போய், பிறகு தொட்டிகளின் வழியாக மீண்டும் செடிகளோடு சேர்ந்துகொண்ட ஊர். அந்த மாற்றத்தின் கதை தக்காளி இலையின் கதையோடு பின்னிக் கிடக்கிறது.

பெயரும் பழியும்

தக்காளியின் காட்டு உறவுகள் தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தவை. மெக்சிகோவில் அது பயிராகப் பண்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பா சென்றது. இத்தாலிய மருத்துவர் மத்தியோலி 1544இல் அதைப் பற்றி எழுதினார். 1597இல் வெளிவந்த தம் மூலிகை நூலில் ஆங்கிலேயரான ஜான் ஜெரார்டு, செடி முழுவதும் கெட்ட நாற்றம் வீசுவதாகக் குறை கூறினார். 1753இல் லின்னேயஸ் அதற்குச் சூட்டிய தாவரவியல் பெயரின் இரண்டாம் பாதிக்கு ‘ஓநாய்ப் பீச்’ என்று பொருள். ஊமத்தை, பெல்லடோனா போன்ற நச்சுச் செடிகளும் அதே குடும்பம் என்பதால், இலையின் நெடியை நஞ்சின் அடையாளமாகவே ஐரோப்பியர் பலர் நெடுங்காலம் கருதினர்.

அந்தப் பழி ஓரளவே உண்மை. தக்காளி இலையில் கசப்பும் லேசான நச்சுத்தன்மையும் கொண்ட டொமாட்டின் என்ற பொருள் உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 1940களில் அதைப் பிரித்தெடுத்தனர். ஆனால் டொமாட்டின் ஆவியாகாது. அதற்கு மணமும் இல்லை. மூக்கில் ஏறும் நெடி சுனைகளின் எண்ணெயிலிருந்து வருகிறது, கசப்பு இலைச்சாற்றிலிருந்து வருகிறது. இரண்டும் வேறு.

தமிழில் தக்காளி என்ற சொல் பழையது; இன்று அந்தப் பெயரைச் சுமக்கும் பழம் புதியது. காகிதக் கூடுபோன்ற உறைக்குள் சிறு காய் காய்க்கும் செடியும், கீரைக்கும் வற்றலுக்கும் பயன்படும் மணத்தக்காளியும் முன்பே அந்தப் பெயரைப் பெற்றிருந்தன. அமெரிக்கத் தக்காளி வந்தபோது அதைச் சீமைத்தக்காளி என்று பிரித்துச் சொன்னார்கள். காலப்போக்கில் சீமை உதிர்ந்து, வந்த பழமே தக்காளி ஆனது. மணத்தக்காளி மட்டும் தன் அடைமொழியை விடாமல் வைத்திருக்கிறது.

மணத்தைச் சொல்லவும் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. நாற்றம் என்பது பழந்தமிழில் நறுமணத்துக்கும் பொதுவாக இருந்து, பின்னாளில் கெட்ட வாடையாகச் சுருங்கியது. மிளகாய் வறுக்கும்போது எழுவது நெடி. மீனில் எழுவது வீச்சம். மழைக்குப் பின் எழுவது மண்வாசம். தக்காளி இலைக்கு இவற்றில் நெடியே பொருந்தும். ஆனால் மூக்கை உறுத்தும் நெடி இல்லை. பச்சைப்புல், மிளகு, உலோகம் மூன்றும் கலந்தாற்போன்ற பச்சை நெடி அது.

எண்ணெய்க்குள் இருப்பவை

இந்த மணத்தை வேதியியல் வழியில் பிரித்தறிந்தவர்களில் முக்கியமானவர் ரான் பட்டரி. கலிபோர்னியாவின் ஆல்பனியில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1987இல் அவரும் சக ஆய்வாளர்களும் தக்காளி இலையின் மணப்பொருள்களைப் பட்டியலிட்டனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1983இல், அவருடைய குழு பாண்டான் இலையின் மணத்தையும் ஆராய்ந்து, பாஸ்மதி போன்ற மணமுள்ள அரிசிக்கும் பாண்டானுக்கும் ஒரே பொருள்தான் வாசம் தருகிறது என்று காட்டியிருந்தது. சிங்கப்பூர்ச் சமையலறையில் தேங்காய்ச்சோற்றுக்கும் கேக்குக்கும் வாசம் சேர்க்கும் பாண்டானும், தொட்டியில் நிற்கும் தக்காளியும் இப்படி ஒரே ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்து ஆராயப்பட்டன.

தக்காளி இலையின் மணத்தில் இரண்டு அடுக்குகள் உண்டு. முதலாவது சுனைத் தலைகளில் எப்போதும் இருப்பில் உள்ள டெர்ப்பீன்கள். அவற்றில் பெரும்பங்கு பீட்டா-ஃபெலாண்ட்ரீன். கேரீன், லிமோனீன், கேரியோஃபிலீன் முதலியவையும் உண்டு. ஃபெலாண்ட்ரீன் கறிவேப்பிலை எண்ணெயிலும் காணப்படுவது. கேரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும் துளசியிலும் உள்ளது. தக்காளி இலையை முதன்முதலாக முகர்கிறவருக்கும் அது ஏதோ பழகிய மணமாகத் தோன்றுவதற்கு இந்த உறவு ஒரு காரணம்.

இரண்டாவது அடுக்கு இலை கசங்கிய பிறகே பிறக்கிறது. திசு கிழிந்ததும் இலையின் கொழுப்புப் பொருள்களை நொதிகள் வெட்டி, சில நொடிகளில் ஹெக்சினால் என்ற பொருளை உண்டாக்குகின்றன. புல் வெட்டும்போது எழும் வாசமும் இதன் உறவே. பழுத்த தக்காளியை நறுக்கும்போதும் இதே பொருள் எழுகிறது. இலைக்கும் பழத்துக்கும் உள்ள மணத்தொடர்பு அது. பேரங்காடிகளில் காம்போடு கொத்தாக விற்கும் தக்காளி, தனிப் பழத்தைவிட வாசமாக இருப்பதுபோல் தோன்றும். அந்த வாசம் பெரிதும் காம்பின் சுனைகளிலிருந்து வருவது. நகரவாசி பலருக்கும் செடியின் மணம் கிடைக்கும் ஒரே இடம் அந்தப் பச்சைக் காம்புதான்.

செடிக்கு இந்த எண்ணெய் காவல். 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள், சுனையில் மணப்பொருள் குறைந்த ஒரு தக்காளி வகையை உருளைக்கிழங்கு வண்டு அதிகமாகத் தின்றதைக் காட்டினர். 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டனர்: புழு கடித்த செடியிலிருந்து எழும் வாசத்தை அடுத்த செடி உள்வாங்கி, அதையே புழுவுக்கு ஆகாத பொருளாக மாற்றிவைத்துக்கொள்கிறது. கையில் ஒட்டும் நெடி, செடிகளுக்கிடையே எச்சரிக்கையாகவும் மருந்தாகவும் பயன்படுகிறது.

கம்பத்துத் தோட்டம்

தெம்பனிஸ் என்ற பெயரே ஒரு மரத்திலிருந்து வந்தது. தெம்பினிஸ் மலாய்க் காடுகளில் வளரும் கடினமான மரம். முசுக்கட்டை, பலா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அம்மரங்கள் நின்ற ஆற்றங்கரைக்கு அப்பெயர் வழங்கியது. 1828ஆம் ஆண்டின் ஃபிராங்க்ளின்–ஜாக்சன் வரைபடத்திலேயே ஆற்றின் பெயர் காணப்படுகிறது. தெம்பனிஸ் சாலை 1864இல் வண்டிப்பாதையாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. பின்னர் மணல் குவாரிகளும், காய்கறி, கோழி, பன்றிப் பண்ணைகளும், இடையிடையே கம்பங்களும் அமைந்தன.

கம்பத்து வீட்டுக்கு வாசலும் கொல்லையும் உண்டு. அங்கே வளர்ந்தவை பெரும்பாலும் மணமுள்ள இலைகளே: பாண்டான், செரை என்னும் எலுமிச்சைப்புல், மஞ்சள் இலை, கறிவேப்பிலை, துளசி, ஓமவல்லி. இவை வெப்பத்தையும் மழையையும் தாங்குபவை; ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்பவை. சமையலுக்கு வேண்டியபோது ஓர் இலை கிள்ளிக்கொள்ளலாம். இருமலுக்கு ஓமவல்லியும், பூசைக்குத் துளசியும், தாளிப்புக்குக் கறிவேப்பிலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

தக்காளிக்கு அந்த வரிசையில் உறுதியான இடம் கிடைக்கவில்லை. காரணம் தட்பவெப்பம். தக்காளி பூப்பதற்கு வெப்பம் தடையில்லை. காய் பிடிக்கத்தான் குளிர்ந்த இரவு வேண்டும். இரவு வெப்பம் 21 பாகைக்கு மேல் நீடித்தால் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிரத் தொடங்கும். சிங்கப்பூரில் இரவிலும் வெப்பம் 24, 25 பாகையிலிருந்து எளிதில் இறங்குவதில்லை. அதோடு மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, வாடல்நோயாக வந்து செடியை இரண்டு மூன்று நாளில் சாய்த்துவிடும். இலை மஞ்சளாவதில்லை, பச்சையாகவே துவண்டு தொங்கும். தண்டை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளை நீரில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து பால்போல் ஒரு நூல் இறங்குவதைக் காணலாம். வெப்பமண்டலத் தாழ்நிலத்தில் தக்காளி பயிரிட்டவர்களுக்கு இந்த அடையாளம் நன்கு தெரியும்.

ஆகவே சிங்கப்பூருக்கான தக்காளி மலையிலிருந்து இறங்கியது. மலேசியாவின் கேமரன் மலை சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1885இல் அதை அளந்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கியது. 1920களின் இறுதியிலிருந்து அங்கே தேயிலைத் தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும் வளர்ந்தன. தேயிலைத் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். குளிர்ந்த இரவுகளில் அங்கே தக்காளி நன்றாகக் காய்த்தது. பெட்டிகளில் இறங்கிய பழம் தேக்காச் சந்தைக்கும் மற்ற ஈரச்சந்தைகளுக்கும் வந்து ரசத்திலும் சம்பலிலும் கலந்தது. சிங்கப்பூர்த் தமிழர் பலர் தக்காளி இல்லாமல் ஒருநாளும் சமைக்காதவர்கள். அவர்களில் செடியைத் தொட்டறிந்தவர் சிலரே.

1942 முதல் 1945 வரையான ஜப்பானிய ஆட்சியில் வீட்டுத் தோட்டம் உயிர்ப்பிரச்சினையானது. இறக்குமதி நின்றுபோனதால் ‘உணவுப் பயிர் பெருக்கு’ இயக்கம் நடத்தப்பட்டது. கொல்லைகளிலும் திடல்களிலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடப்பட்டன. பசியாற்றும் கிழங்கும் கீரையும் தேவைப்பட்ட அந்த நாள்களில், நிலைத்துக் காய்க்காத தக்காளிக்கு இடம் மிகக் குறைவு.

மண்ணைவிட்டு மாடிக்கு

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கியது. தெம்பனிஸ் புதுநகரின் கட்டுமானம் 1970களின் இறுதியில் ஆரம்பித்து 1980கள் முழுவதும் நடந்தது. கம்பத்தார் வேறிடம் குடியமர்த்தப்பட்டனர், பண்ணைகள் மூடப்பட்டன. 1989 டிசம்பரில் ரயில் நிலையம் திறந்தது. 1992இல் அந்நகரத் திட்டத்துக்கு உலக வாழ்விட விருது கிடைத்தது. இன்று இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கே வசிக்கின்றனர்.

மாடிக்குப் போனவர்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் உறுதியான கூரையும் கிடைத்தன, கொல்லை போயிற்று. ஆனால் செடிகள் கைவிடப்படவில்லை. வாசலுக்கு வெளியே ஓடும் தாழ்வாரம் புதிய கொல்லையானது. தமிழர் வீட்டு வாசலில் துளசித் தொட்டி, அருகே பெரிய தொட்டியில் கறிவேப்பிலை. மலாய்க்காரர் வீட்டில் பாண்டானும் செரையும். சீனர் வீட்டில் வெங்காயத்தாளும் கற்றாழையும் எனத் தாழ்வாரம் நெடுகிலும் சமையல் வரிசையாக நின்றது. இலை கேட்டு வரும் அண்டைவீட்டார் பேச்சுக்கும் நின்றார்கள். மொழி வேறானவர்களிடையே கறிவேப்பிலைக் கொத்து ஒரு பரிமாற்றப் பொருளானது.

தாழ்வாரத் தோட்டத்துக்கு விதிகள் உண்டு. தீ நேர்ந்தால் வெளியேறவும் மீட்புப் பணியாளர் உள்ளே வரவும் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும். டெங்கிக் கொசு பெருகாதபடி தொட்டித் தட்டில் நீர் தேங்கக்கூடாது. அதே காரணத்துக்காக இறுகிய மண்ணைக் கிளறிவிட வேண்டும். கைப்பிடிச் சுவரின்மேல் கீழே விழக்கூடிய தொட்டி கூடாது. நெருக்கமாக வாழும் ஊரில் செடிக்கும் மனிதருக்கும் இடம் பகிர்ந்தளிக்கும் முறை இது.

வெயில் இன்னொரு விதி. அடுக்குமாடிகள் பல, காலை மாலை வெயில் நேராக வீட்டுக்குள் பாயாதவாறு வடக்கு தெற்கு நோக்கிக் கட்டப்பட்டவை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், வடக்கு நோக்கிய தாழ்வாரத்துக்குச் சுமார் மார்ச் முதல் செப்டம்பர் வரையும், தெற்கு நோக்கியதற்கு மீதி மாதங்களிலும் வெயில் சாய்ந்து விழும். பாண்டானும் துளசியும் நிழல் மாதங்களைச் சமாளித்துக்கொள்ளும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் கேட்கும் தக்காளி சமாளிக்காது. தண்டு மெலிந்து நீண்டு, மணமும் குன்றும்.

திரும்பி வந்த செடி

தேசியப் பூங்காக் கழகம் 2005இல் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ என்ற சமூகத் தோட்ட இயக்கத்தைத் தொடங்கியது. அடுக்குமாடிகளுக்கு இடையிலுள்ள புல்வெளியில் வேலியிட்டு, குடியிருப்பாளர்களே பாத்தி கட்டிப் பயிரிடும் ஏற்பாடு அது. தீவெங்கும் இன்று இரண்டாயிரத்துக்குக் குறையாத தோட்டங்கள் இருக்கின்றன. தெம்பனிஸின் அக்கம்பக்கங்களிலும் அவை பரவியுள்ளன. பூங்காக்களில் தனியார் வாடகைக்கு எடுக்கும் சிறு பாத்திகள் 2016இல் ஹார்ட்பார்க்கில் சோதனையாகத் தொடங்கின. 2017இல் முறையாகத் திறந்த ‘நமது தெம்பனிஸ் நடுவ’த்தின் கூரையிலும் சமூகத் தோட்டம் அமைந்தது. நடுவத்தின் உணவுக் கழிவை உரமாக மாற்றும் ஏற்பாடும் அங்கு உண்டு.

2020இல் கொவிட்-19 எல்லைகளை மூடியபோது, உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில் வீட்டுப் பயிர் மீண்டும் பொதுப்பேச்சானது. அவ்வாண்டு ஜூனில் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்குக் கீரை விதையும் காய்கறி விதையும் இலவசமாக அனுப்பத் தொடங்கியது. லட்சக்கணக்கான பொட்டலங்கள் போயின. காய்கறி விதைகளில் தக்காளியும் இருந்தது. வீட்டிலேயே அடைபட்டிருந்த பலர், பிள்ளைகளோடு சேர்ந்து தம் வாழ்வில் முதன்முறையாகத் தக்காளி இலையைக் கிள்ளி முகர்ந்த காலம் அது.

இதற்குள் செடியும் மாறியிருந்தது. தைவானில் 1971இல் நிறுவப்பட்ட ஆசியக் காய்கறி ஆய்வு நடுவம், வெப்ப இரவுகளிலும் காய் பிடிக்கும் தக்காளி வகைகளை உருவாக்கியது. வாடல்நோயைத் தாங்கும் கத்தரி வேரின்மேல் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையையும் அது பரப்பியது. சிறுபழத் தக்காளி பெரும்பழ வகைகளைவிடச் சூட்டை நன்றாகத் தாங்கும். தெம்பனிஸ் தாழ்வாரங்களுக்கு அதிகம் பொருந்துவது அதுவே.

பத்தாம் மாடியில் தேனீயும் வண்டும் அரிது. தக்காளிப் பூவின் மகரந்தம் குழாய்போன்ற பைக்குள் அடைந்திருக்கும். வண்டு தன் பறக்கும் தசைகளை அதிரவைக்கும்போது அது நுனித் துளை வழியாகக் கொட்டும். வண்டு வராத மாடியில் காலையில் பூங்கொத்தை விரலால் சுண்டிவிடுகிறார்கள். சிலர் மின்பல்துலக்கியைக் காம்பில் வைத்து அதிரவைக்கிறார்கள். அப்போதும் பக்கக்கிளை ஒடிக்கும்போதும் கை சுனைகளில் படுகிறது.

பழகிய மூக்குக்கு அந்த மணம் ஒரு கணக்கும் சொல்லும். நல்ல வெயிலில் நிற்கும் செடியின் கொழுந்து கடுமையாக மணக்கும். நிழலில் நின்றதும், முற்றிய இலையும் மங்கலாக மணக்கும். அடர்மழைக்குப் பின் மணம் தணிந்திருக்கும். தக்காளிக்கும் அதன் அருகே தானாக முளைத்த மணத்தக்காளிக்கும் நாற்றுப் பருவத்தில் ஐயம் வந்தால், இலையைத் தேய்த்து முகர்ந்தால் தெரிந்துவிடும்.

தொட்டித் தக்காளியின் வாழ்வு நாலைந்து மாதம். கடைசிப் பழம் பறித்ததும் செடியைப் பிடுங்கிவிடுகிறார்கள். வாடல்நோய் மண்ணில் தங்கும் என்பதால் அதே மண்ணில் உடனே தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வைப்பதில்லை, கீரை விதைக்கிறார்கள். நன்றாகப் பழுத்த ஒரு பழத்தின் விதையை அலசிக் காகிதத்தில் உலர்த்தி, அடுத்த வெயில் மாதங்களுக்கு எடுத்துவைக்கிறார்கள். அவ்விதை முளைத்து மூன்றாம் இலை விரியும்போதே சுனையும் எண்ணெயும் அதில் உண்டாகிவிடுகின்றன. 1.2 மீட்டர் வழியில் நடந்து போகிறவரின் சட்டைக்கை அந்த இலையில் உரசினாலும் போதும், மணம் எழும்.